ஒரு எபிசோடு எப்போது மனசில் நிற்கும்? மாயாஜால அனிமேஷன் தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் தெருப்பிள்ளைகள் கூடி அனிமேஷன் தொடர் பார்ப்பது வழக்கம். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களும் நடையிலேயே நின்று பார்த்து, அப்படியே உட்கார்ந்து, முடிந்ததும் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதிவிட்டேன். கதையின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேசியிருக்கிறேன், முடிவு தெரிந்தால் பிடிக்காது என்பவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

"மதினி, இது சின்னப்பிள்ளைய பாக்குறதுதான? இதுல நல்லது மோசம்னு பேச என்ன கெடக்கு?"

சின்னப்பிள்ளைகள் பார்ப்பதுதான். அதனாலேயே பேச வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் டிக்கெட் எடுத்த பாவத்துக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்போம், பிள்ளைக்குச் சலித்தால் அடுத்த நிமிஷம் எழுந்து தெருவுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளையை அசையாமல் உட்கார வைத்து, பக்கத்தில் இருக்கும் தாத்தாவையும் கண்ணைத் துடைக்க வைக்கிற எபிசோடுகள் இருக்கின்றன. ஒரே தொடரில் முந்தின வாரம் வந்தது அப்படி இருக்கும், இந்த வாரம் வந்தது சப்பென்று இருக்கும். ஏன் என்பதுதான் இந்தப் பக்கம்.

"சரி, ஒரு எபிசோடு பிரமாதம்னு எத வச்சுச் சொல்லுதீங்க?"

என் கணக்கு இது. ஒரு ஆளுக்கு ஒரு ஆசை இருக்க வேண்டும், அதற்குக் குறுக்கே ஒரு தடை, அந்தத் தடை அந்த மாய உலகத்தில் மட்டுமே வரக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசியில் ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டிய நிலைமை. இது நாலும் சேர்ந்தால் மற்றது எப்படி இருந்தாலும் எபிசோடு நின்றுவிடும்.

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்று ஒரு தொடர், 2005 முதல் 2008 வரை வந்தது, மொத்தம் 61 எபிசோடு. (நீலக்கலர் ஆட்கள் வரும் சினிமா வேறு, அதையும் இதையும் குழப்பாமல் இதைப் பேசவே முடியவில்லை.) நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை ஆட்டிப்படைக்கும் மனிதர்களின் கதை. அதில் டாஃப் என்று கண் தெரியாத ஒரு சிறுமி. நிலத்தை ஆள்கிறவள், தரையில் வரும் அதிர்வைப் பாதத்தால் உணர்ந்து 'பார்க்கிறவள்'. இரண்டாவது சீசனில் பாலைவனத்தில் புதைந்து கிடக்கும் நூலகம் ஒன்றைத் தேடிப் போகும் எபிசோடு இருக்கிறது. மற்றவர்கள் உள்ளே போகிறார்கள், புத்தகத்தால் தனக்கு என்ன பிரயோஜனம் என்று டாஃப் வெளியே நின்றுவிடுகிறாள். உள்ளே இவர்கள் செய்த காரியத்தில் கோபப்பட்ட ஆந்தை உருவத் தெய்வம் நூலகத்தையே மணலுக்குள் இறக்குகிறது. டாஃப் அந்தக் கோபுரத்தைக் கையால் பிடித்து நிறுத்துகிறாள். அதே நேரம் பாலைவனத் திருடர்கள் வந்து, இவர்கள் ஏறிப் பறக்கும் ஆப்பா என்கிற எருமை மாதிரியான பிராணியைக் கயிறு போட்டு இழுக்கிறார்கள்.

இப்போது பாருங்கள். கோபுரத்தை விட்டால் சிநேகிதர்கள் புதைவார்கள், விடாவிட்டால் ஆப்பா போய்விடும். தரை கெட்டியாக இருந்தால் திருடர்களை ஒரே உதையில் முடித்துவிடுவாள், ஆனால் மணலில் அவளுக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். ஒரு கணம் கையை விட்டு மண்ணை வீசுகிறாள், குறி தப்புகிறது, கோபுரம் இறங்குகிறது, திரும்ப ஓடிப்போய்ப் பிடிக்கிறாள். ஆப்பாவின் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டே இருக்கிறது, இவள் அதனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பாதத்தால் பார்க்கிற வித்தை, மணல், புதைகிற கட்டடம், மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் இந்தக் காட்சி இல்லை. வேறு எந்தக் கதைக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாத காட்சி இது.

"மந்திரந்தான் இருக்கே, அத வச்சே எல்லாத்தையும் முடிச்சிர வேண்டியதுதான?"

முடித்துவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது? மந்திரத்தால் என்ன முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிற தொடர்தான் தேறும். சுட்டி டிவியில் தமிழில் வந்த ஜாக்கி சான் கார்ட்டூன் ஞாபகம் இருக்கும், மூலத்தில் 2000 முதல் 2005 வரை ஓடியது. பன்னிரண்டு தாயத்துக்கற்கள், ஒவ்வொன்றிலும் சீன ராசியின் ஒரு மிருகம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சக்தி. முயலுக்கு வேகம், எருதுக்குப் பலம், பாம்புக்கு மறைவது, குதிரைக்குக் காயத்தை ஆற்றுவது. ஏழு வயசுப் பிள்ளை இதை மனப்பாடமாகச் சொல்லும். எந்தக் கல் யார் கையில் என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கலாம், என்ன நடக்கவே நடக்காது என்று பார்க்கிற பிள்ளையே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

புலிக்கல்லுக்குச் சமநிலை. அது இரண்டாக உடைந்ததும் ஜாக்கியே நல்ல ஜாக்கி, கெட்ட ஜாக்கி என்று இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். விதியை முன்னாடியே சொல்லிவிட்டு, அந்த விதியிலிருந்தே வம்பை வரவழைக்கிறார்கள். இடையில் 'இதற்கு இன்னொரு சக்தியும் உண்டு' என்று திடீரென்று நீட்டினால் பிள்ளைகளே ஏமாற்று என்று சொல்லிவிடுவார்கள், கேட்டிருக்கிறேன்.

"சண்ட இல்லாம ஒரு எபிசோடு ஓடுமாக்கா?"

ஓடும். 'அவதார்' தொடரிலேயே 2006-இல் வந்த பா சிங் சே நகரத்துக் கதைகள் என்கிற எபிசோடு. பெரிய நகரத்தில் ஒரு நாள், ஆளுக்கு ஒரு குட்டிக் கதை. அதில் இரண்டாவதாக வருகிறது ஐரோ என்கிற கிழவரின் பகுதி. நெருப்பு நாட்டின் பழைய தளபதி, இப்போது அகதியாக ஒளிந்து டீ போடுகிறவர். கடைத்தெருவில் கூடை ஒன்று வாங்குகிறார். அழுகிற குழந்தைக்கு ஒரு பாட்டுப் பாடிச் சிரிக்க வைக்கிறார். கத்தியைக் காட்டிப் பணம் கேட்கிற திருடனிடம் 'நிற்கிற நிலையே சரியில்லையே அப்பா' என்று கால் வைப்பதைத் திருத்திக் கொடுத்து, உட்கார வைத்து டீயும் கொடுக்கிறார். எல்லாம் வேடிக்கையாகவே போகிறது.

கடைசியில் கூடையோடு ஒரு குன்றில் ஏறி மரத்தடியில் சாமான்களை எடுத்து வைக்கிறார். போரில் செத்துப்போன மகனின் படம். இன்றைக்கு மகனின் பிறந்தநாள். கூடை எதற்கு என்று அப்போதுதான் தெரிகிறது. காலையில் குழந்தைக்குப் பாடிய அதே பாட்டைப் பாடத் தொடங்குகிறார், குரல் உடைகிறது. ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ அந்த வருஷம் ஜூலையில் காலமாகியிருந்தார், அந்தப் பகுதியை அவருக்கே சமர்ப்பித்திருக்கிறார்கள். நகரத்தில் அத்தனை பேருக்கும் உதவ முடிந்தவருக்கு மகனுக்கு உதவ முடியவில்லை, அதை அவரே ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கிறார். நான் மேலே சொன்ன கணக்கில் தடை என்றேனே, இங்கே மந்திரத்தால் தாண்ட முடியாத தடை அது ஒன்றுதான்.

"அப்போ சண்டையே வேண்டாங்கீங்களா?"

யார் சொன்னது? சண்டையில் ஆளின் குணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 'அவதார்' தொடரில் ஒவ்வொரு வித்தைக்கும் ஒவ்வொரு சீனத் தற்காப்புக்கலையை அடிப்படையாக வைத்தார்கள். நீருக்கு தாய் சி, நிலத்துக்கு ஹங் கார், நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்கு பா குவா. அதனால் ஒரு ஆள் கையைத் தூக்குவதை வைத்தே எந்த நாட்டுக்காரன், நிதானமானவனா அவசரக்காரனா என்று சொல்லிவிடலாம். டாஃபுக்கு மட்டும் வேறொரு பாணி, தெற்கத்தி கும்பிடுபூச்சிப் பாணி. எல்லாரையும் விட அவள் காலை ஊன்றி நிற்பது வித்தியாசமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

தொடரின் கடைசியில் ஐரோவின் தம்பி பிள்ளைகளான நெருப்பு நாட்டு இளவரசன் ஸூக்கோவும் அவன் தங்கை அஸூலாவும் மோதும் சண்டை இன்னொரு மாதிரி. வெடிச்சத்தத்தை அமுக்கிவிட்டு சோகமான தந்தி இசையை மேலே விட்டிருக்கிறார்கள். யார் ஜெயிப்பார் என்ற பதற்றத்தைவிட ஒரு குடும்பம் நாசமாய்ப் போகிறதே என்ற வருத்தம்தான் மிஞ்சும்.

"எல்லாம் 22 நிமிஷம், இல்லன்னா 11 நிமிஷம். அது என்ன கணக்கு?"

அமெரிக்க டிவியில் அரை மணி நேர இடம், விளம்பரம் போக மீதி 22 நிமிஷம் சொச்சம். அதில் பாதி 11. ஜப்பான் தொடர்களும் பாட்டு எல்லாம் சேர்த்து 24 நிமிஷம்போல் வரும்.

இதில் எழுதுகிறவருக்கு என்ன லாபம் என்றால், இரண்டு ஆசையை வைக்க இடம் கிடையாது. 22 நிமிஷத்தில் நாலு பேரின் பிரச்சனையைத் தீர்க்கப் போனால் ஒன்றும் தீராது. 11 நிமிஷத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். 'ஓவர் த கார்டன் வால்' என்று 2014-இல் வந்த குறுந்தொடர், காட்டில் வழி தவறிய அண்ணன் தம்பி கதை, பத்தே அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 11 நிமிஷம். ஒரு சினிமாவுக்கு ஆகிற நேரத்தில் முழுக்க முடிந்துவிடும், ஒரு காட்சி கூட வீண் என்று எடுத்துப்போட முடியாது. ஒரு எபிசோடை ஒரு மணி நேரமாக இழுக்கிற இப்போதைய ஓடிடி பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

"படம் தத்ரூபமா வரைஞ்சிருந்தா அது போதாதா அத்த?"

போதாது. முதலில் கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 24 ஃபிரேம், 22 நிமிஷத்துக்கு 31,680 ஃபிரேம். ஒரு படத்தையே இரண்டு ஃபிரேமுக்கு வைத்து ஓட்டினாலும் 15,840 படம் வேண்டும். டிவி பட்ஜெட்டில் அத்தனையையும் புதிதாக வரைய முடியாது. பேசும்போது வாய் மட்டும் அசையும், உடம்பு அப்படியே நிற்கும், பின்னணி ஓவியத்தை நகர்த்தி ஆள் நடப்பதுபோல் காட்டுவார்கள். இதெல்லாம் தப்பில்லை. மிச்சம் பிடித்ததை எந்தக் காட்சியில் கொட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். சில தொடர்களில் டிராகன் பறக்கும்போது காசைக் கொட்டிவிட்டு, அம்மா சாகும்போது மரப்பொம்மை மாதிரி முகத்தை வைத்திருப்பார்கள்.

கெண்டி டார்ட்டகோவ்ஸ்கியின் 'சாமுராய் ஜாக்' 2001-இல் வந்தது. உருவங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடே இருக்காது, வெறும் வண்ணப் பரப்புகள், வசனமும் ரொம்பக் குறைவு. அதில் கண் தெரியாத மூன்று வில்லாளிகள் வரும் எபிசோடைப் பார்க்கச் சொல்வேன். சத்தத்தை வைத்தே குறி தப்பாமல் அடிக்கிறவர்கள், ஒரு படையையே அழித்துவிடுகிறார்கள். அவர்களை நெருங்க ஜாக் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு பனியில் இருந்து காதால் கேட்கப் பழகுகிறான். திரையில் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது, சின்னச் சின்னச் சத்தம்தான். எங்கள் முன்னறையில் அத்தனை பிள்ளைகளும் வாயைப் பொத்தியது அதற்குத்தான். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள், ஏப்ரல் மாசத்துப் பாளையங்கோட்டையில்!

"ஃபில்லர்னா என்னக்கா? அத விட்டுட்டுப் பாத்தா என்ன?"

பெரிய கதை ஒரு அடி கூட நகராத எபிசோடை ஃபில்லர் என்கிறார்கள். இணையத்தில் 'இதைப் பார், இதை விடு' என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தப் பட்டியலை நம்பினால் நான் மேலே சொன்ன ஐரோ எபிசோடே போய்விடும். அதிலும்கூட கடைசிக் குட்டிக்கதையில் மோமோ என்கிற குரங்குக்குட்டி மாதிரியான பிராணி ஊரெல்லாம் ஆப்பாவைத் தேடி அலைந்து, ஒரு பெரிய காலடித் தடத்துக்குள் போய்ப் படுக்கிறது. ஆப்பாவின் தடம். அடுத்த எபிசோடே ஆப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதுதான்.

கதை நகராததால் ஒரு எபிசோடு மோசமாவதில்லை. ஆள் நகராவிட்டால்தான் மோசம். முதல் சீசனில் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்கும் எபிசோடு, இரண்டு கூட்டத்துக்குத் தலைமுறைப் பகை, கதாநாயகன் ஆங் பையன் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாதானம் பண்ணிவிடுகிறான், யாருக்கும் எதுவும் போகவில்லை, யாரும் மாறவில்லை. ரசிகர்கள் வழக்கமாக மட்டம் என்று சொல்வது இதைத்தான். தொடரை எடுத்தவர்களுக்கே அது தெரிந்திருக்கிறது: மூன்றாவது சீசனில் இவர்கள் கதையையே ஒரு நாடகக் குழு மேடையில் நடிக்கும், அதில் அந்தப் பள்ளத்தாக்கு வந்ததும் 'விடு, பறந்து போய்விடலாம்' என்று தாண்டிப் போவார்கள்.

"முத எபிசோடு இழுவையா இருந்தா அத்தோட விட்டுரலாமா?"

இழுவை என்றால் எந்த இழுவை என்று பாருங்கள். உலகத்தை விளக்குகிறேன் என்று ராஜா பெயர், நாட்டின் பெயர், ஆயிரம் வருஷப் போர் என்று அடுக்கினால் தாராளமாக விட்டுவிடலாம். மெதுவாகப் போகிறது, ஆனால் யாரோ ஒருவருக்கு ஏதோ வேண்டும் என்று தெரிகிறது என்றால் இருங்கள்.

'ஃப்ரீரன்' 2023-இல் வந்த ஜப்பான் தொடர், முதல் சீசன் 28 எபிசோடு. மற்ற தொடர்கள் முடிகிற இடத்தில் இது தொடங்கும். பத்து வருஷம் அலைந்து அரக்க ராஜனைக் கொன்றுவிட்டு நாலு பேர் ஊர் திரும்புகிறார்கள். அதில் ஃப்ரீரன் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழும் எல்ஃப் இனத்துப் பெண், அவளுக்குப் பத்து வருஷம் ஒரு பொருட்டே இல்லை. 50 வருஷம் கழித்து வந்து பார்த்தால் வீரன் ஹிம்மெல் கிழவராகிவிட்டார், கொஞ்ச நாளில் சாகிறார். அடக்கத்தின்போதுதான், இவரைத் தெரிந்துகொள்ள நாம் ஏன் முயற்சியே செய்யவில்லை என்று அவள் அழுகிறாள். சண்டை ஒன்றுமே இல்லை. இதை ஜப்பானிலேயே முதல் நாலு எபிசோடையும் சேர்த்து இரண்டு மணி நேரமாகத்தான் ஒளிபரப்பினார்கள், நீங்களும் அப்படிப் பார்ப்பது நல்லது.

"வில்லன் பயங்கரமா இருக்கணுமா, பாவமா இருக்கணுமா?"

இரண்டும் அவசியமில்லை, அவனுக்கு என்ன வேண்டும் என்று நமக்குப் புரிய வேண்டும். 'அவதார்' தொடரில் ஸூக்கோ தனியே திரியும் எபிசோடில் கதாநாயகக் கூட்டத்தின் கதையே நடக்காது. ஆங்கைத் துரத்துகிறவன் இப்போது பசியோடு ஒரு கிராமத்துக்கு வருகிறான், லீ என்கிற பையனின் வீட்டில் தங்கிக் கூரைக்கு ஆணி அடித்துக் கொடுக்கிறான், தன் சின்ன வயசுக் கத்தியைப் பையனுக்குக் கொடுக்கிறான். ஊரை மிரட்டுகிற சிப்பாய்களிடமிருந்து பையனைக் காப்பாற்ற ஒரே வழி நெருப்பை எடுப்பது. எடுத்தால் எதிரி நாட்டான் என்று தெரிந்துவிடும். எடுக்கிறான், ஜெயிக்கிறான், பெயரையும் சொல்லுகிறான். ஊரே பின்வாங்குகிறது. கீழே கிடந்த கத்தியை எடுத்துப் பையனிடம் நீட்டினால், வேண்டாம், உன்னை வெறுக்கிறேன் என்கிறான். ஒன்றைப் பிடிக்க ஒன்றை விடுவது என்றேனே, அது இதுதான், எதிரணி ஆளுக்கும் அதே விதி.

'அட்வெஞ்சர் டைம்' தொடரின் ஐஸ் கிங்கையும் இந்தக் கேள்விக்குச் சேர்க்கலாம். ரொம்ப நாளாகக் கோமாளி வில்லனாகவே காட்டிக்கொண்டிருந்தார்கள், 2012-இல் வந்த ஒரு 11 நிமிஷ எபிசோடில் எல்லாம் மாறுகிறது. மார்சலின் என்கிற சிறுமியைக் காப்பாற்ற அந்த மனுஷன் மந்திரக் கிரீடத்தைத் தலையில் வைத்திருக்கிறார், அந்தக் கிரீடமே அவர் புத்தியைத் தின்றிருக்கிறது. இப்போது அவள் எதிரே உட்கார்ந்து, அவர் அந்தக் காலத்தில் தனக்கு எழுதியதையே பாட்டாகப் பாடிக் காட்டுகிறாள். கூடவே பாடுகிறார், ஆனால் அது தான் எழுதியது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"ட்விஸ்ட் இருந்தாத்தான் மாஸா இருக்கும், இல்லையா?"

ட்விஸ்ட் யாராலும் வைக்க முடியும். முன்னாடியே கண்ணில் காட்டிவிட்டு வைப்பதுதான் கஷ்டம். 'கிராவிட்டி ஃபால்ஸ்' 2012-இல் தொடங்கியது. முதல் எபிசோடின் கடைசியில் ஸ்டான் தாத்தா தின்பண்ட மெஷினில் எண்ணை அழுத்தி, அதற்குப் பின்னால் இருக்கும் ரகசிய வழியில் நுழைகிறார். அது எதற்கு என்று முழுசாகத் தெரிவது 2015-இல்தான். அந்த எபிசோடில் நிலத்தடி எந்திரம் ஓட, எல்லாரும் அந்தரத்தில் மிதக்கிறார்கள், நிறுத்துகிற பொத்தான் மேபல் என்கிற பேத்தியின் கைக்கெட்டும் தூரத்தில். கூடப் பிறந்த டிப்பர் 'அழுத்து' என்று கத்துகிறான், தாத்தா 'என்னை நம்பு' என்கிறார். அவர் பொய் பேசுகிறவர் என்பது தொடர் முழுக்க நமக்குத் தெரியும்.

எந்திரத்திலிருந்து யார் வெளியே வருகிறார் என்பது ட்விஸ்ட். ஆனால் இரண்டாம் தடவை பார்க்கும்போது ட்விஸ்ட் செத்துவிடும், மேபல் பொத்தானை விட்டுக் கையை எடுக்கிற அந்த நொடி சாகாது.

"ஒங்க லிஸ்ட்டப் பாத்தா எல்லாம் அழுகாச்சியா இருக்கு. சிரிக்க வச்சா நல்ல எபிசோடு இல்லையோ?"

கேட்டது நியாயம். அழவைப்பது சுலபம், ஒரு கிழவரையும் ஒரு நாய்க்குட்டியையும் வைத்தால் முடிந்தது, சிரிப்புதான் கஷ்டம். ஃபில்லர் கேள்வியில் சொன்ன அந்த நாடக எபிசோடு முழுக்கச் சிரிப்பு. தங்களைப் பற்றிய நாடகத்தைத் தாங்களே மாறுவேஷத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கூட்டத்தில் ஒருத்தியான கட்டாராவை எப்போதும் அழுகிறவளாகக் காட்டுகிறார்கள், ஆங் வேஷத்தில் ஒரு பெண் நடிக்கிறாள், அவனுக்கு மானம் போகிறது. டாஃப் வேஷத்தில் மலைபோல ஒரு பயில்வான் வருகிறான், எல்லாரும் அவள் கோபப்படுவாள் என்று பார்த்தால் அவளுக்கோ தாங்க முடியாத சந்தோஷம். இவ்வளவு சிரிப்புக்கு நடுவிலும் ஸூக்கோ தான் ஐரோவுக்குச் செய்த துரோகத்தை மேடையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"தமிழ் டப்பிங்ல பாத்தா கெட்டுருமா?"

சிரிப்பு கெடாது, சில சமயம் கூடும். சுட்டி டிவி 2007-இல் வந்தது, அதில் ஜாக்கி சான் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய் ஆங்கிலக் குரல்தான் அசல் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். கெடுவது மௌனம். சில டப்பிங்கில் ஆள் சும்மா நின்றால் 'ஐயோ, இப்ப என்ன பண்றது' என்று ஒரு வரியைச் சொருகிவிடுகிறார்கள். 'சாமுராய் ஜாக்'குக்கு அப்படிச் செய்தால் அவ்வளவுதான்.

"நம்ம ஊர்க் கதைய இப்படி எடுக்க முடியுமா? இங்க என்ன இருக்கு?"

என்ன இல்லை? நம் பக்கம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்த இலக்கணம் ஏற்கெனவே தெரியும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணப் பையன், காட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுப் பொம்மக்கா, திம்மக்கா என்று அக்கா தங்கை இரண்டு பேர்மேலும் ஆசைப்படுகிறான். அவர்கள் அப்பா வாலப்பகடை, செருப்புத் தைக்கிற சக்கிலியர். பெண் வேண்டுமென்றால் பூணூலை அறு, குடுமியை எடு, எங்கள் தொழிலைச் செய் என்கிறார். ஒரு ஆள், ஒரு ஆசை, ஒரு தடை, விட வேண்டியது என்ன என்பதும் கண் முன்னால். கடைசியில் மாட்டைக் கவர வந்தவர்களோடு மோதிச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பது அவன்தான், இன்றைக்கும் தோல் செருப்புத்தான் காணிக்கை. சாமி அதைப் போட்டு நடக்கிறார், அதனால் அடி தேய்ந்திருக்கும் என்று நம்புகிறார்கள்.

இதை யாராவது எடுக்க வந்தால், முழுக்கதையையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள் என்று கெஞ்சுவேன். அவன் முதல் ஜோடிச் செருப்பைத் தைக்கிற நாள் மட்டும் ஒரு எபிசோடு. தோலின் வாடை, பழக்கமில்லாத கை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாமனார். சாதியைப் பூசி மெழுகிவிட்டுக் காதல் கதையாக மட்டும் எடுத்தால் தடையே போய்விடும், அப்புறம் மேலே சொன்ன பள்ளத்தாக்கு எபிசோடு மாதிரிதான் வரும். அகத்தியர் மலையையும் தாமிரபரணியையும் அழகாக வரைந்துவிட்டால் நம் ஊர்க் கதை ஆகிவிடாது.

"கடைசி எபிசோட மட்டும் ஏன் எல்லாவனும் சொதப்புதான்?"

எல்லா நூலையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட வேண்டியிருப்பதால். 'அவதார்' முடிவையே எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடித்த தொடர் என்பதால் சலுகை கிடையாது. ஆங்குக்கு நெருப்பு நாட்டு அரசனைக் கொல்ல மனசில்லை, அவன் வளர்ந்த முறை அப்படி. ஆனால் முன்பிறவிகளைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர்களும் தயங்காதே என்கிற பக்கமே பேசுகிறார்கள். அருமையான சிக்கல், இரண்டாவது கேள்வியில் சொன்ன நாலும் இருக்கிறது. அப்புறம் தீவு அளவுக்கு ஒரு சிங்க ஆமை வந்து, கொல்லாமலே எதிரியின் சக்தியைப் பறிக்கிற புது வித்தையைக் கையில் கொடுத்துவிடுகிறது. ஆமை பற்றி முன்னால் சின்னக் குறிப்பு உண்டு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பு இருந்தது, அந்த வித்தை இருந்ததா? ஆங் எதையும் விடாமலே தப்பித்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதே இறுதிக்கதையில் அண்ணன் தங்கை சண்டை எந்தக் குறையும் இல்லாமல் நிற்கிறது, ஏனென்றால் அங்கே யாருக்கும் புதுசாக ஒன்றும் கொடுக்கப்படவில்லை.

"சரி மதினி, ஒண்ணுமே பாத்ததில்ல. எதுல ஆரம்பிக்க?"

ஏழெட்டு வயசுப் பிள்ளையோடு என்றால் ஜாக்கி சான். பொறுமை இல்லாதவர்களுக்கு 'ஓவர் த கார்டன் வால்', ஒரே ராத்திரியில் முடியும், ஆனால் கொஞ்சம் பயமாக இருக்கும், ரொம்பச் சின்னதுகள் வேண்டாம். நீளமாகப் பார்க்கத் தயார் என்றால் 'அவதார்', முதல் சீசனின் பன்னிரண்டாவது எபிசோடு வரைக்கும் போங்கள், புயலில் ஆங்கின் பழைய கதையும் ஸூக்கோவின் பழைய கதையும் மாறி மாறி வரும் எபிசோடு அது, அதுவும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு ஐரோவின் பகுதியை மட்டும் போட்டுக் காட்டுங்கள், அவர் யார் என்று இரண்டு வரி முன்னால் சொன்னால் போதும். 'ஃப்ரீரன்' மட்டும் விருந்தாளி வந்திருக்கும்போது வேண்டாம்.